மாடிஃபிகேஷன் விண்ணப்பம் உள்ளே இருக்கும்போதே ஏல நோட்டீஸ்: டெக்ஸஸில் என்ன செய்வது?

ஃபிரிஸ்கோ வாசி (ஜூன் 7)

வணக்கம். டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் 2021-இல் வீடு வாங்கினோம். 30 ஆண்டுக் கடன், வட்டி 2.875 சதவீதம். போன நவம்பரில் கணவருக்கு வேலை போய்விட்டது. சேமிப்பை வைத்து ஜனவரி வரை தவணை கட்டினோம், பிப்ரவரியிலிருந்து முடியவில்லை. ஏப்ரலில் ஒப்பந்த வேலை கிடைத்தது, சம்பளம் குறைவு. நடுவில் சொத்து வரியும் காப்பீடும் ஏறி, எஸ்க்ரோவோடு (வரிக்கும் காப்பீட்டுக்கும் தவணையோடு வசூலிக்கும் தொகை) சேர்த்து மாதத் தவணை 3,180 டாலரிலிருந்து 3,640 ஆகிவிட்டது.

ஏப்ரல் 21 அன்று லோன் மாடிஃபிகேஷனுக்கு (கடன் நிபந்தனைகளை மாற்றித் தருவதற்கு) விண்ணப்பித்தேன். சில ஆவணங்கள் இல்லை என்று சர்வீசரிடமிருந்து (தவணை வசூலிக்கும் நிறுவனம்) கடிதம் வந்தது, அனுப்பினேன். பிறகு பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) பழசாகிவிட்டது, புதியது வேண்டும் என்றார்கள். அதையும் அனுப்பினேன். போன வாரம் மூன்றாவது முறையாக அதே பேங்க் ஸ்டேட்மென்டைக் கேட்கிறார்கள். போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். ஒருவர் "பரிசீலனையில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்கிறார். அடுத்தவர் "விண்ணப்பம் முழுமையாகவே இல்லை" என்கிறார். மே மாதம் 2,000 டாலர் அனுப்பினேன், முழுத் தவணை இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

நேற்று சர்டிஃபைட் மெயிலில் ஏல நோட்டீஸ் வந்துவிட்டது. ஜூலை 1, செவ்வாய்க்கிழமை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஏதோ ஒரு நிறுவனம் கூப்பிட்டு, 2,500 டாலர் கட்டினால் ஏலத்தை நிறுத்தித் தருகிறோம் என்கிறது. கட்டலாமா? ஊரில் அப்பா அம்மாவுக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை

அக்கா, அந்த 2,500 டாலரைக் கட்டாதீர்கள். கடன் கொடுத்தவரிடமிருந்து எழுத்துப்பூர்வமான சலுகை வாங்கித் தந்து, நீங்கள் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இந்த மாதிரி நிறுவனங்கள் கட்டணம் கேட்கலாம். முன்பணம் கேட்பதே மத்திய அரசு விதிப்படி தப்பு. இதே உதவியை மத்திய வீட்டுவசதித் துறையான ஹட்டின் அங்கீகாரம் பெற்ற வீட்டுவசதி ஆலோசகர்கள் இலவசமாகச் செய்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். "விண்ணப்பம் முழுமை" என்ற ஒரு சொல்லில்தான் உங்கள் வீடு நிற்கிறது. டெக்ஸஸில் பெரும்பாலான ஏலங்களுக்குக் கோர்ட்டில் வழக்கே கிடையாது. கடனைச் சரிசெய்ய 20 நாள் நோட்டீஸ், பிறகு குறைந்தது 21 நாள் ஏல நோட்டீஸ், மாதத்தின் முதல் செவ்வாயன்று கவுண்டியில் ஏலம், அவ்வளவுதான். அதனால் மத்திய விதியான ரெகுலேஷன் எக்ஸ்தான் உங்களுக்குக் கை கொடுக்கும். தவணை 120 நாளுக்கு மேல் பாக்கியாகும் முன் அவர்கள் ஃபோர்குளோஷரை (கடன் பாக்கிக்காக வீட்டை ஏலம் விடும் நடவடிக்கை) தொடங்கவே கூடாது. அதற்குள் முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு சொல்லும் வரை தொடங்கக் கூடாது. தொடங்கிய பிறகு சேர்ந்தாலும், ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது சேர்ந்திருந்தால், பரிசீலித்து முடிக்காமல் ஏலம் விடக் கூடாது. 30 நாளில் முடிவைச் சொல்லவும் வேண்டும்.

அவர்கள் முதலில் அனுப்பிய கடிதத்தைத் தேடி எடுங்கள். அதில் விடுபட்டவை என்று கேட்டிருந்த எல்லாவற்றையும் நீங்கள் கொடுத்த நாளிலேயே விண்ணப்பம் முழுமையானதாகத்தான் அவர்கள் நடத்த வேண்டும். பிறகு வேறு ஆவணம் தேவைப்பட்டால் கேட்கலாம், கொடுக்க நியாயமான அவகாசமும் தர வேண்டும். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லிப் பாதுகாப்பைப் பறிக்க முடியாது. எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்? ஆதாரம் இருக்கிறதா?

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 5,000 கடன்களுக்கு மேல் போகாத சிறு சர்வீசர்களுக்கு இதில் பல விதிகள் பொருந்தாது.

ஹூஸ்டன் தோழி

எங்களுக்கும் இது நடந்தது. போனில் சொன்னதை நம்பித்தான் நாங்கள் நான்கு மாதத்தைத் தொலைத்தோம். எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். பேசிய நாள், நேரம், பேசியவரின் பணியாளர் எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கடன் எண்ணை எழுதி, மொத்தக் கட்டையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். துண்டு துண்டாக அனுப்பியதுதான் நாங்கள் செய்த தப்பு. ஒன்று போய்ச் சேர்வதற்குள் இன்னொன்று காலாவதி ஆகிவிடும்.

பெற்றோரிடம் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும், அக்கா. பக்கத்தில் ஒரே ஒரு தோழியிடமாவது சொல்லுங்கள்.

ஃபிரிஸ்கோ வாசி (ஜூன் 8)

கடிதம் கிடைத்துவிட்டது. ஏப்ரல் 25 தேதியிட்டது. மூன்று ஆவணம் கேட்டிருக்கிறார்கள். மே 12 அன்று மூன்றையும் ஃபேக்ஸ் செய்திருக்கிறேன், போய்ச் சேர்ந்த ரசீதும் இருக்கிறது! சர்வீசர் பெரிய நிறுவனம்தான்.

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் மே 12-இலிருந்து ஜூலை 1 வரை 50 நாள். பிப்ரவரி 1 தவணையிலிருந்து எண்ணினால் 120 நாளும் அப்போது முடியவில்லை. ஏல நோட்டீஸ் அனுப்பியதே தப்பு. ஜூன் 11-க்குள் முடிவும் சொல்லியாக வேண்டும்.

நாளைக்கே "நோட்டீஸ் ஆஃப் எரர்" (சர்வீசர் செய்த பிழையைச் சுட்டிக்காட்டும் கடிதம்) எழுதுங்கள். ஏப்ரல் 25 கடிதமும் ஏல நோட்டீஸும் ஃபேக்ஸ் ரசீதும் இணைத்து, சர்டிஃபைட் மெயிலில் அனுப்புங்கள். தவணை கட்டும் முகவரிக்கு அனுப்பினால் பயனில்லை. பிழைகளைத் தெரிவிக்க என்று ஸ்டேட்மென்டிலோ இணையதளத்திலோ தனி முகவரி கொடுத்திருப்பார்கள். ஏலத்துக்கு 7 நாளுக்கு மேல் இருக்கும்போது அது கிடைத்தால், ஏலத்துக்கு முன்பே பதில் சொல்ல வேண்டும். கூடவே நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான சி.எஃப்.பி.பி. தளத்திலும் புகார் போடுங்கள். ஜூன் 20 வரை அசையவில்லை என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள். ஏலத்துக்கு முன் சாப்டர் 13 திவால் மனு போட்டால் பொதுவாக ஏலம் நிற்கும். அது கடைசி வழி, ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

பிளேனோ தம்பி

அக்கா, கடன் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? சர்வீசர் வசூல் செய்பவர் மட்டும்தான். வீட்டுக் கடன்களை வாங்கி வைத்திருக்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டு நிறுவனங்களின் தளங்களிலும் முகவரி போட்டுத் தேடலாம். இன்னொன்று, ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன் (குடியிருக்கும் வீட்டுக்கான சொத்து வரி விலக்கு) பதிவு செய்தீர்களா? பள்ளி வரிக்கான விலக்கை 2023-இல் 1 லட்சம் டாலராக உயர்த்தினார்கள், பிறகு இன்னும் கூட்டினார்கள். தாமதமாகவும் 2 ஆண்டு வரை கேட்கலாம். நம்மவர்கள் நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஃபிரிஸ்கோ வாசி (ஜூன் 20)

ஏலத்தை நிறுத்திவிட்டதாக இன்று எழுத்தில் வந்தது. மே 12-ஐ முழுமையான நாள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். படித்துவிட்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஹட் ஆலோசகர் இரண்டு முறை என்னோடு சேர்ந்து போனில் பேசினார், ஒரு பைசா வாங்கவில்லை. கடன் ஃபேனி மேயிடம் இருக்கிறது. ஹோம்ஸ்டெட் பதிவு செய்யவே இல்லை, இப்போது போட்டுவிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம். 40 ஆண்டாக நீட்டித் தவணையைக் குறைக்கலாம் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

கணக்குப்பிள்ளை

ரொம்ப நிம்மதியாக இருக்கிறது, அக்கா. கையெழுத்துப் போடும் முன் "பேமென்ட் டெஃபரல்" கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஃபேனி மே கடனில், 2 முதல் 6 மாதம் வரை பாக்கி இருந்து, இனி வழக்கமான தவணையைக் கட்ட முடியும் என்றால், அந்தப் பாக்கியை வட்டியில்லாமல் கடனின் கடைசிக்குத் தள்ளி வைப்பார்கள். உங்கள் 2.875 சதவீதம் அப்படியே இருக்கும். மாடிஃபிகேஷனில் பாக்கி அசலோடு சேரும், வட்டியும் மாறலாம். வரி விலக்கு வந்து எஸ்க்ரோ குறைந்த பிறகு எவ்வளவு கட்ட முடியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். கட்டவே முடியாது என்று தெரிந்தால் 40 ஆண்டையே எடுங்கள்.

ஹூஸ்டன் தோழி

மாடிஃபிகேஷன் என்றால் முதலில் 3 மாதம் சோதனைத் தவணை இருக்கும். அதில் ஒன்று தாமதமானாலும் ஏற்பாடு முறிந்துவிடும். அந்தந்த மாதத்துக்குள் பணம் போய்ச் சேர்ந்ததா என்று ரசீதை வாங்கிப் பாருங்கள், அக்கா.