கோழிக்குச் சத்துமருந்து, பிறகு ரத்தப் பரிசோதனை: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

அம்பத்தூர் மாடிக்கோழி

கத்திரி வெயிலில் முட்டை ஓடு மெலிந்துபோனது, எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தண்ணீரில் வைட்டமின் பொடி, தீவனத்தில் தாது உப்புக் கலவை என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதாவது மாறுகிறதா என்று பார்க்கும் ஆசையில், தெரிந்த கால்நடை மருத்துவரை வைத்து இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்து, பக்கத்துத் தெருவில் மனிதர்களுக்குச் சோதனை செய்யும் ஆய்வகத்தில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பையனிடம் கோழி என்று சொல்லித்தான் கொடுத்தேன். படிவத்தில் அதை எழுத இடம் கிடையாது. பெயர் செவலை, வயது 1, பெண்.

மாலையில் தொலைபேசி. "சார், குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரை 236, கால்சியம் 25." அந்தப் பெண்ணின் குரல் நடுங்கியது. "அது கோழி அம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எதற்கும் கால்சியத்தை நிறுத்திவிடுங்கள் சார்" என்றார். செவலை அந்த நேரம் கூடையில் உட்கார்ந்து முட்டையிட முக்கிக்கொண்டிருந்தது.

அறிக்கை முழுக்கச் சிவப்பு எழுத்து. வேறு யாருக்காவது இப்படித் தொலைபேசி வந்ததா?

வேப்பேரி ஆய்வு மாணவி

அண்ணா, முட்டையிடும் கோழிக்கு 25 சாதாரணம். 100 மில்லி லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை போகும். சேவலுக்கும் முட்டைக்கு வராத பெட்டைக்கும் 10 அளவில் நிற்கும். பருவத்துக்கு வந்ததும் கல்லீரல் மஞ்சள் கருவுக்கான புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடும், கால்சியம் அதில் ஒட்டிக்கொண்டு போகும். உங்கள் பொடிக்கும் அந்த எண்ணுக்கும் பெரிய தொடர்பில்லை. சர்க்கரையும் அப்படித்தான். கோழிக்கு 200-க்கு மேல் இருப்பது இயல்பு, துரத்திப் பிடித்தால் இன்னும் ஏறும். சிவப்பணு எண்ணிக்கையும் கேட்டிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். கோழியின் சிவப்பணுவுக்குள் உட்கரு உண்டு, மனித ரத்தத்துக்கான இயந்திரம் குழம்பிவிடும்.

என் கதை வேறு. படிப்புக்காக ஒரு குழுவுக்கு வைட்டமின் ஈ, செலினியம் சேர்த்த தீவனம், இன்னொரு குழுவுக்கு வெறும் தீவனம். ரத்தம் எடுத்துச் சுழலவிட்டு, சென்ட்ரிஃபியூஜ் நின்றதும் மூடியைத் திறந்தேன். வெளிர்மஞ்சள் சீரம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று பால். எல்லாக் குழாயிலும். வெளியே ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பியதில், மாதிரி கெட்டுவிட்டது, இரவு பட்டினி போட்டு மறுபடி எடுங்கள் என்று திருப்பிவிட்டார்கள். பட்டினி போட்டும் அதே பால். மஞ்சள் கருவுக்குப் போகும் கொழுப்பு அது. முட்டைக்கோழியின் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் கலங்கலில் ஒளியைச் செலுத்தி அளக்கும் கருவி என்ன சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. செலினியம் குழுவில் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் (செலினியத்தை வைத்து இயங்கும் நொதி) ஏறியிருந்தது, அது எதிர்பார்த்ததே. கொழுப்புக்கான அட்டவணையை எழுதும்போதெல்லாம் அந்தக் குழாய்கள்தான் நினைவுக்கு வரும்.

செங்குன்றம் தீவனக்கடை

தங்கச்சி, "பொடிக்கும் எண்ணுக்கும் தொடர்பில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். இதைப் படித்துவிட்டு நாளைக்கு ஒருவர் குஞ்சுக்குக் கால்சியம் டானிக் ஊற்றுவார்.

என் கடைக்கு ஒருவர் அட்டைப்பெட்டியில் செத்த குஞ்சுகளோடு வந்தார். தீவனம் சரியில்லை என்று சண்டை. மருத்துவர் அங்கேயே ஒன்றை அறுத்தார். இதயத்தின் மேல், கல்லீரலின் மேல் சுண்ணாம்பு பூசிய சுவர்போல வெள்ளைப் படிவு. கூட்டமே வாயடைத்துப் போனது. இரண்டு தீவனம் எதற்கு என்று குஞ்சுக்கும் முட்டைக்கோழித் தீவனத்தையே போட்டிருக்கிறார், மேலே வைட்டமின் டி3 கலந்த திரவக் கால்சியம். உயிரோடு இருந்த ஒன்றின் ரத்தத்தில் யூரிக் அமிலம் எக்கச்சக்கம் என்று பிறகு தெரிந்தது.

இப்போது எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். மிஞ்சிய கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோழி கழிவு நைட்ரஜனை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றும், சிறுநீரகம் கெட்டால் அது ரத்தத்தில் தேங்கி உறுப்புகளில் உப்பாகப் படியும். டி3 கொழுப்பில் கரைவது. "ஒரு மூடி அதிகம் ஊற்றினால் என்ன" என்பது பி வைட்டமினுக்கு ஓரளவு பொருந்தும், டி3-க்குப் பொருந்தாது. செலினியத்துக்கு அறவே பொருந்தாது, தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வாங்கும்போது சீட்டைப் படியுங்கள்: டி2 என்றிருந்தால் வைத்துவிடுங்கள், கோழி உடம்பு அதைச் சரியாகப் பயன்படுத்தாது. தாது உப்புக் கலவையோடு மலிவாகக் கிடைக்கிறதே என்று காசிமேட்டுக் கருவாட்டுத் தூளையும் சேர்ப்பவர்கள் இருக்கிறீர்கள். அதில் உப்பு எவ்வளவு என்று யார் பார்த்தீர்கள்? ரத்தத்தில் சோடியம் ஏறும், கழிச்சல் தண்ணீராகப் போகும், குஞ்சுக்கு வயிற்றில் நீர் கோக்கும். பிறகு தீவனக்கடைக்காரன் கெட்டவன்.

பூந்தமல்லி பிராய்லர்

கருவாட்டுச் சண்டைக்கு நான் வரவில்லை.

ரத்தக்கழிச்சலுக்குச் சல்ஃபா மருந்து ஓடிக்கொண்டிருந்த கொட்டகை. பரிசோதனைக்காக ஊசி குத்திய ஒரு கோழிக்கு ரத்தம் நிற்கவே இல்லை. பஞ்சு மேல் பஞ்சு வைத்து அழுத்துகிறேன், முழங்கை வரை வழிகிறது. மருத்துவர் நிதானமாக, "குழாயைப் பாருங்கள், அதுவும் உறையவில்லை" என்றார். அந்தச் சல்ஃபா, வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துவிடுமாம். தண்ணீரில் கே3 (செயற்கை வைட்டமின் கே) கலந்து கொடுத்த பிறகு எடுத்த ரத்தம் ஒழுங்காக உறைந்தது. வைட்டமின் கே இருப்பதே கோழிக்குஞ்சால்தான் தெரியவந்தது என்றும் அவர் சொன்னார். டென்மார்க்கின் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற குஞ்சுகளுக்கு ரத்தம் கசிவதைப் பார்த்துத் தொடங்கியவர், 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். எனக்கு அன்று சட்டை போனதுதான் பெரிதாக இருந்தது.

திருவள்ளூர் ஓய்வுபெற்றவன்

அம்பத்தூர் தம்பிக்கு. மே மாதத்தில் ஓடு மெலிவதற்குத் தீவனக் கால்சியத்தைக் குறை சொல்பவர்கள் கோழியின் வாயைப் பார்ப்பதில்லை. மின்சாரம் போய் மின்விசிறி நின்ற ஒரு மதியம், என் கொட்டகையில் அத்தனை கோழியும் வாயைத் திறந்து இறக்கையை விரித்து இளைத்தன. அப்போது எடுத்த ரத்தத்தில் காரத்தன்மை ஏறியிருந்தது.

காரணம் இது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. இளைக்க இளைக்க ரத்தத்தில் உள்ள கரியமில வாயு வெளியே போய்விடும். ஓடு என்பது கால்சியம் கார்பனேட், கார்பனேட்டுக்கு மூலப்பொருளே அந்த வாயுதான். அது போதாமல் ரத்தமும் காரமாகும்போது, புரதத்தில் ஒட்டாமல் தனித்து இயங்கும் கால்சியமும் குறையும். மொத்தக் கால்சியம் 25 என்று காட்டும், ஓடு காகிதமாக வரும். மாணவி இதையும் எழுதியிருக்கலாம்.

வைட்டமின் சி வீண் செலவு என்று சிலர் சொல்வார்கள், கோழி தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்ளும் என்பார்கள். தயாரிக்கும், உண்மை. கடும் வெயிலில் அது போதாது. தீவனத்தில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் அளவில் சேர்ப்பது வழக்கம். ஆனால் குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரில் நேரடியாகக் கரைக்காதே, சி அதிலேயே வீணாகும். முந்தைய நாள் பிடித்துத் திறந்து வை. மாடியில் கறுப்புத் தொட்டி இருந்தால் அதன் தண்ணீரை மதியம் கொடுக்காதே, கொதிக்கும். சமையல் சோடா கொஞ்சம் சேர்க்கலாம். கிளிஞ்சலைப் பொடியாக்காமல் நொறுக்கிப் போடு. ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கும், துண்டுகள் வயிற்றில் மெல்லக் கரைந்து அந்த நேரத்துக்கு உதவும். கூரையில் தென்னங்கீற்று போடு. மதியம் தீவனத்தை எடுத்துவிடு. மாலை ஐந்துக்குப் பிறகு வை.

அம்பத்தூர் மாடிக்கோழி

ஐயா, நன்றி. எங்கள் தொட்டி வெள்ளை, கீற்று ஏற்கெனவே போட்டாயிற்று. நான் கேட்டது யாருக்காவது ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்ததா என்று மட்டும்.

வேப்பேரி ஆய்வு மாணவி

வரவில்லை அண்ணா. திரும்பி வந்த தாளில் "நோயாளி எண்ணெய்ப் பலகாரம் தவிர்க்கவும்" என்று எழுதியிருந்தது. திருவள்ளூர் ஐயா, காரத்தன்மை பார்க்க ரத்தத்தைக் காற்றுப் படாமல் எடுத்து உடனே அளக்க வேண்டும். மின்சாரம் இல்லாத கொட்டகையில் எப்படி அளந்தீர்கள்?

செங்குன்றம் தீவனக்கடை

கருவாட்டுத் தூள் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.