கோத்தகிரிச் சாலையில் பழகியவருக்கு ஏப்ரல் மாத மயோர்க்கா சரிப்படுமா?

அரவேனு மிதிவண்டி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. ஐந்து ஆண்டுகளாகச் சாலை மிதிவண்டி ஓட்டி வருகிறேன். விடியற்காலையில் மேட்டுப்பாளையம் இறங்கி, பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் குஞ்சப்பனை வழியாக வீடு திரும்புவது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். பார்சிலோனாவில் வேலை செய்யும் என் மைத்துனர், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் கப்பலேறி ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குச் சென்று ஆறு நாட்கள் சேர்ந்து ஓட்டலாம் என்று அழைத்திருக்கிறார். விசாவுக்கான வேலைகளைத் தொடங்கிவிட்டேன்.

அந்தத் தீவைப் பற்றி எங்கே படித்தாலும் சா கலோப்ரா என்ற ஏற்றத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். குஞ்சப்பனைச் சாலையில் ஏறிப் பழகிய கால்களுக்கு அது தாங்குமா? என் வண்டியைப் பெட்டியில் கட்டி எடுத்துச் செல்வதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா? எஞ்சியுள்ள இரண்டு மாதங்களில் எதைப் பழக வேண்டும்? சென்று வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கல்லாறு வளைவு (குன்னூர்)

தம்பி, ஏற்றத்தைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். சா கலோப்ரா ஒன்பதரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். சராசரிச் சரிவு 7 விழுக்காடு. முடியும் கணவாயின் உயரம் 682 மீட்டர். நீங்கள் வாரந்தோறும் ஏறுவதோ 33 கிலோமீட்டர், 1,400 மீட்டருக்கு மேல். உங்கள் சாலையின் சரிவு அதைவிடக் குறைவுதான் என்றாலும், மூன்று மணி நேரம் ஓயாமல் மிதித்துப் பழகிய உடம்புக்கு ஒரு மணி நேர ஏற்றம் புதிதல்ல. அந்தத் தீவின் மிக உயர்ந்த சிகரமான புச் மஜோரே நம் குன்னூரைவிடத் தாழ்ந்தது என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆனால் அந்தச் சாலையின் அமைப்பு வேடிக்கையானது. கீழே கடற்கரையோடு முடிந்துவிடும். திரும்ப வேறு சாலை கிடையாது. ஆகவே முதலில் இறங்கி, பிறகு இறங்கிய வழியிலேயே ஏற வேண்டும். 1932-இல் அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர் அதை அமைத்தார். கணவாய்க்குச் சற்றுக் கீழே சாலை ஒரு முழுச் சுற்றுக்கு நெருக்கமாக வளைந்து, தன் பாலத்தின் அடியிலேயே தானாகப் புகுந்து வெளியே வருகிறது. கழுத்துப்பட்டை முடிச்சு என்றே அந்த இடத்துக்குப் பெயர். இறங்கும்போது பாலத்தைக் கடந்த சில நொடிகளில் அதே பாலம் தலைக்கு மேலே வரும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் இன்னொரு முறை போவேன். முற்பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக இறங்கத் தொடங்கிவிடும் என்பதால், அதற்கு முன்பே கீழே சென்று திரும்பிவிடுவது நல்லது.

நான் அங்கே சிரமப்பட்டது ஏற்றத்தில் அல்ல, பிரேக்கில். நம் வண்டிகளில் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு. அங்கே இடக்கைப் பிடிதான் முன்சக்கரத்துக்கு. வாடகைக்கு எடுக்கும்போதே மாற்றித் தரச் சொல்லியிருந்தேன். மாற்றிவிட்டோம் என்று கடையில் சொன்னதை நம்பி, ஒரு முறைகூட அழுத்திப் பார்க்காமல் புறப்பட்டேன். முதல் இறக்கத்திலேயே ஒரு ஆடு குறுக்கே வந்தது. பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறோம் என்று நினைத்து இடக்கையை இறுக்கினேன், முன்சக்கரம் நின்றுவிட்டது. முழங்கை தோலுரிந்ததோடு தப்பினேன். நம் சாலையில் காட்டெருமைக்குப் பயந்து பழகிய நான், ஒரு ஆட்டிடம் தோற்றேன் என்று வீட்டில் இன்றுவரை கேலி செய்கிறார்கள். வண்டியைக் கையில் வாங்கியதும் சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, எந்தப் பிடி எதை நிறுத்துகிறது என்று பார்த்த பிறகே ஏறி உட்காருங்கள்.

வாடகை வண்டியையே நான் பரிந்துரைப்பேன். விமானத்திலும் கப்பலிலும் பெட்டியைச் சுமப்பது ஆறு நாள் பயணத்துக்குத் தேவையற்ற தொல்லை. உங்கள் பெடல்களையும் காலணிகளையும், முடிந்தால் இருக்கையையும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

பண்ணைக்காடு (பழனி மலை)

மேலே ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவை சரி. ஆனால் பிரேக்கைக் கடையில் மாற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் (கம்பிக்குப் பதில் குழாயில் உள்ள திரவத்தின் அழுத்தத்தால் இயங்குவது) உள்ள வண்டியில் அது பத்து நிமிட வேலை அல்ல. அவசரத்தில் செய்தால் உள்ளே காற்று புகுந்துவிடும். இங்கே உங்கள் வண்டி கம்பி பிரேக் உள்ளதாக இருந்தால், நாளைக்கே கம்பிகளை இடம் மாற்றி, இடக்கை முன்சக்கரத்துக்கு வருமாறு செய்துகொள்ளுங்கள். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினால் கை பழகிவிடும். பிறகு அங்கே எந்த வண்டி கிடைத்தாலும் கவலை இல்லை. நான் வத்தலக்குண்டு மலைப்பாதையில் அப்படித்தான் பழகினேன். முதல் வாரம் மட்டும் மெதுவாக இறங்குங்கள்.

அதைவிட முக்கியமானது, சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது. நேர்ச்சாலையில் அரை நாளில் பழகிவிடும் என்பது உண்மை. சிக்கல் வருவது இறக்கத்து வளைவுகளில். நம் சாலையில் இறங்கும்போது இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவுதான் இறுக்கமானது. வலப்பக்கம் திரும்புவது அகலமானது. அங்கே இது தலைகீழாகிவிடுகிறது. பல ஆண்டுகளாக எந்த வளைவில் எவ்வளவு வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று உடம்பு போட்டு வைத்திருக்கும் கணக்கு முழுவதும் பிசகிவிடும். இன்னொன்று, படம் எடுப்பதற்காக ஆளில்லாத சாலையில் நின்றுவிட்டுத் திரும்பக் கிளம்பும்போது, நம்மை அறியாமலேயே இடப்பக்கம் போய்விடுவோம். நான் இரண்டு முறை போனேன்; இரண்டாவது முறை எதிரே வந்த ஜெர்மானியர் ஒருவர் கத்தியதால்தான் தெரிந்தது.

மலைக்காரர்களாகிய நாம் எதிர்பார்க்காத ஒன்றும் அங்கே உண்டு, அது சமவெளி. ஏறினால் பிறகு இறங்கலாம், இறங்கும்போது கால் ஓயும் என்பதுதான் நமக்குத் தெரிந்த ஒழுங்கு. தீவின் நடுப்பகுதி பெரும்பாலும் சமதளம். எண்பது கிலோமீட்டருக்கு மிதிப்பதை நிறுத்தவே முடியாது. அதோடு எதிர்க்காற்று வேறு. உடுமலைப் பக்கம் ஆடி மாதத்தில் ஓட்டியிருந்தால் அந்த வேதனை உங்களுக்குப் புரியும். சா கலோப்ராவில் தளராத என் தொடை, பெத்ரா என்ற சமவெளி ஊருக்குப் போகும் வழியில் பிடித்துக்கொண்டது. ஆகவே அடுத்த சில ஞாயிறுகளில் மேட்டுப்பாளையத்தில் திரும்பிவிடாமல், சிறுமுகை வழியாகச் சத்தியமங்கலம் வரை சென்று வாருங்கள். மார்ச் மாத வெயிலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

அரவேனு மிதிவண்டி (கோத்தகிரி)

இருவருக்கும் மிக்க நன்றி. என் வண்டி கம்பி பிரேக் உள்ளதுதான், நேற்றே மாற்றிவிட்டேன். சந்தைக்குப் போகும் சிறிய இறக்கத்தில்கூடக் கை தானாகவே பழைய பழக்கத்துக்குப் போகிறது என்பதைக் கண்டு திகைத்தேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். ஆறு நாட்களை எப்படிப் பிரித்துக்கொள்வது? நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவன். வழியில் உணவுக்கு என்ன செய்வது?

பைக்காரா (உதகை)

வடக்கே பொயென்சா துறைமுகத்தில் தங்குவது வசதி. முதல் நாள் ஃபொர்மென்தோர் கலங்கரை விளக்கம் வரை போய் வாருங்கள். அந்தச் சாலையும் அதே பரியெத்தி அமைத்ததுதான். நீளம் குறைவு, ஆனால் ஏற்ற இறக்கம் ஓயாது, கடற்காற்று பலமாக அடிக்கும். வலப்பக்க ஓட்டத்துக்கு நல்ல பாடம். இரண்டாம் நாள் சமவெளி. மூன்றாம் நாள் கைமாரி என்ற ஊரிலிருந்து சா பதாயா கணவாய்க்கு ஏறுங்கள். எட்டு கிலோமீட்டர், 5 விழுக்காடு, உங்கள் குஞ்சப்பனையை அப்படியே நினைவூட்டும். மேலே ஒரு பெட்ரோல் நிலையமும் உணவகமும் உண்டு. மிதிவண்டிக்காரர்கள் கூடும் சந்திப்பு அதுதான். நான்காம் நாள் சா கலோப்ராவை வைத்துக்கொள்ளலாம்.

சோயெர் பள்ளத்தாக்குக்குப் போக நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே மலையைக் குடைந்து சுரங்கச்சாலை அமைத்திருக்கிறார்கள். மிதிவண்டிகளுக்கு அதில் அனுமதி இல்லை. பழைய கணவாய்ச் சாலையில்தான் போக வேண்டும். அது நமக்கு லாபம், ஏனென்றால் வண்டிகள் எல்லாம் சுரங்கத்தில் போய்விட, வளைவுகள் முழுவதும் மிதிவண்டிக்காரர்களுக்கே மிஞ்சுகின்றன. கல்லாறு மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் லாரிகளே இல்லாமல் கற்பனை செய்து பாருங்கள்! ஏப்ரலில் அந்தப் பள்ளத்தாக்கில் ஆரஞ்சுப் பூவின் மணம் தூக்கலாக இருக்கும். அங்கிருந்து புச் மஜோர் கணவாய்க்கு ஏறுவது பதினான்கு கிலோமீட்டர். மேலே சிறு சுரங்கம் ஒன்று உண்டு, விளக்கு தேவைப்படும். அதைத் தாண்டினால் இரண்டு நீர்த்தேக்கங்கள், ஏறக்குறைய நம் அவலாஞ்சி, எமரால்டு போல. இறங்குவதற்கு முன் காற்றுத் தடுப்புச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். கீழே 20 டிகிரி இருந்தாலும் மேலே வியர்வையோடு இறங்கினால் கை விறைத்துப் பிரேக் பிடிக்க வராது.

தேதியையும் ஒரு முறை சரிபாருங்கள். ஏப்ரல் இறுதியில் மயோர்க்கா 312 என்ற பெரிய மிதிவண்டி ஓட்டம் நடக்கும். 312, 225, 167 கிலோமீட்டர் என மூன்று தூரங்கள். உங்கள் பயணம் அந்த வாரத்துக்கு நகர்ந்துவிட்டால் வடக்கில் அறையும் கிடைக்காது, நல்ல வாடகை வண்டியும் கிடைக்காது. இப்போதே பதிவு செய்யுங்கள்.

ஸ்பெயின் சட்டப்படி ஊருக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம். மிதிவண்டியைக் கடக்கும் வாகனங்கள் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், பெரும்பாலும் விடுகிறார்கள். பின்னால் ஹாரன் அடிக்காமல் ஒரு பேருந்து பொறுமையாக வருவதை முதல் முறை உணர்ந்தபோது, ஏதோ கோளாறு என்று நினைத்து நான் ஓரங்கட்டிவிட்டேன்.

உணவுக்குக் கவலை வேண்டாம், ஆனால் என்சைமாதா என்ற சுருள் ரொட்டியைத் தொடாதீர்கள். பார்ப்பதற்கு நம் ஊட்டி வர்க்கியின் உறவினர் போல இருக்கும். மரபான செய்முறையில் அது பன்றிக் கொழுப்பைத் தடவிச் சுடப்படுவது. பாதாம் கேக்கில் முட்டை உண்டு. ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தரும் பா அம்ப் ஓலி எங்கும் கிடைக்கும். இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆரஞ்சுச் சாறு அருமை. சட்டைப் பையில் கடலை மிட்டாய் இருக்கட்டும்.

அரவேனு மிதிவண்டி (கோத்தகிரி)

பொயென்சாவில் அறை பதிவு செய்தாகிவிட்டது. நாங்கள் திரும்பிய பிறகுதான் அந்த 312 ஓட்டம். இன்று முதல் முறையாகப் பிரேக் மாற்றிய வண்டியில் குஞ்சப்பனை வரை இறங்கினேன். இரண்டு வளைவுகளில் கை தடுமாறியது, பிறகு பிடிபட்டுவிட்டது. ஒரு சிறிய சந்தேகம் மட்டும்: பெடலைக் கழற்றிப் பழகலாம் என்று பார்த்தால், வலப்பக்கம் வந்துவிட்டது, இடப்பக்கம் அசையவே மறுக்கிறது.

கல்லாறு வளைவு (குன்னூர்)

இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது, தம்பி. வழக்கத்துக்கு மாறாக, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்புங்கள். இதுவரை எதிர்த்திசையில் பலமாகத் திருகியிருந்தால் இன்னும் இறுகியிருக்கும். ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்கிக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம்.