ரேக்கா, ஸ்டாண்டா? மலையில் ட்ரம்ஸ் தூக்கிய கதைகள்

ட்ரம் ரேக் (ட்ரம், சிம்பல் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டும் ஒரே குழாய்ச் சட்டம்) வாங்கலாமா, தனித்தனி ஸ்டாண்டே போதுமா என்று புதிதாக வாசிக்க வரும் தம்பிகள் எல்லோரும் கேட்கிறார்கள். குன்னூரில் இருந்துகொண்டு பதினொரு வருடமாக ரிசப்ஷன், சர்ச், ரிசார்ட் என்று போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டையும் சுமந்தவன் என்பதால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

ரேக் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் அழகுதான், வேறொன்றும் இல்லை. 1980களில் அமெரிக்க ட்ரம்மர் ஜெஃப் போர்க்காரோவுடன் சேர்ந்து பேர்ல் நிறுவனம் கொண்டுவந்த ரேக்கின் படத்தைப் பார்த்த நாளிலிருந்தே பைத்தியம். அது சதுரக் குழாய். எனக்குக் கோவையில் செகண்ட் ஹேண்டில் கிடைத்தது ஒன்றரை இஞ்ச் உருட்டுக் குழாய். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் 14 கொண்டை ஊசி வளைவிலும் ஆம்னிக்குள் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு வந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து டாம் ட்ரம்கள், கிராஷ், ரைடு சிம்பல்கள் எல்லாவற்றையும் கைக்கு வாகாக மாட்டினேன். குழாயைப் பிடிக்கும் ஒவ்வொரு கிளாம்ப் பக்கத்திலும் மெமரி லாக் (இடத்தைக் குறித்து வைக்கும் வளையம்) வைத்து இறுக்கினேன். கழற்றி மறுபடி மாட்டினால் நூலளவு கூட விலகாது. அந்தச் சுகம் தனிச் சுகம், மறுக்கமாட்டேன்.

முதல் புரோகிராம் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், கல்யாணம். வேன் ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து கீழே எண்பது படி. ஸ்டாண்ட் என்றால் மடக்கி விறகுக் கட்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம். ரேக்கின் வளைந்த குழாயை இரண்டு பேர் பல்லக்கு மாதிரி தூக்க வேண்டியிருந்தது. முன்னால் போன கீபோர்டு அண்ணனின் முழங்காலைக் கிளாம்ப் பதம் பார்த்தது.

கீழே போனால் வாசல் சரிவு. மழைத் தண்ணீர் ஓட வேண்டும் என்று அப்படித்தான் கட்டுவார்கள். ரேக்குக்கு நாலு கால், மூன்று தரையில், ஒன்று ஆகாயத்தில். அட்டையை மடித்து அடியில் கொடுத்தேன். மூன்றாவது பாட்டிலேயே கிக் ட்ரம் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) அதிர்வில் அட்டை நழுவிவிட்டது. ஸ்டாண்டில் ஒன்று ஆடினால் அது மட்டும்தான் ஆடும். ரேக்கில் குடும்பமே ஆடுகிறது! போதாக்குறைக்கு உருட்டுக் குழாயில் ஒரு கிளாம்ப் சுழன்று, 12 இஞ்ச் டாம் மெதுவாகக் குனிந்து எனக்குக் கும்பிடு போட்டது. மணப்பெண்ணின் ஊரே வட்டமாக ஆடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தவா முடியும்? இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு வலது கையாலேயே அந்தப் பாட்டை முடித்தேன்.

கழற்றும்போது நள்ளிரவு. டிசம்பர் குளிரில் விரல் மரத்துப்போய் ட்ரம் கீ (திருகுகளை இறுக்கும் சின்னச் சாவி) புல்லுக்குள் விழுந்துவிட்டது. "சாவி காணோம்" என்று சொன்னதுதான் தப்பு. வேன் சாவி என்று நினைத்துப் பதினைந்து பேர் செல்போன் டார்ச்சோடு தேட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு சின்னப் பையன் எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதைப் போட்டா வண்டி ஸ்டார்ட் ஆகுமா?" என்று கேட்டான்.

மறுநாள் பச்சைத் தேயிலை எடைபோடும் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். கிளாம்ப், கைகள் எல்லாம் சேர்த்து ரேக் 21 கிலோ. அதற்குப் பதிலாக நான் முன்பு தூக்கிய மூன்று சிம்பல் ஸ்டாண்டும் சேர்ந்து 11 கிலோ. ஹை-ஹாட் ஸ்டாண்ட், ஸ்னேர் ஸ்டாண்ட், ஸ்டூல் எப்படியும் தனி. ஃப்ளோர் டாம் தன் காலில் நிற்கிறது. மூன்று சிம்பலுக்கு ரேக் எதற்கு? ஐந்தாறு சிம்பல், நாலு டாம் என்றால் கணக்கு மாறும். இப்போது அந்த ரேக் எங்கள் சர்ச் ஹாலில், நகராத செட்டில் நிற்கிறது. நான் ஒவ்வொரு காலுக்கும் ஒரே பட்டை உள்ள லேசான ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டேன். உயரம் தெரிய அக்காவின் நெயில் பாலிஷால் கோடு போட்டிருக்கிறேன்.

கொடைக்கானலிலிருந்து ஒருவர்:

அண்ணா, எண்பது படி இறங்கினால் எதுதான் தாங்கும்! எனக்குச் சனிக்கிழமைதோறும் ஒரே ரிசார்ட், ஒரே சமதள மேடை. ஐந்து சிம்பல், ஒரு பேட். ஸ்டாண்ட் போட்ட காலத்தில் பதினைந்து இரும்புக் கால்களுக்கு நடுவே பெடலை நுழைக்க இடமே இருக்காது. ரேக் வந்தபின் தரை காலி. ஒன்று, நான் முழுக்கக் கழற்றுவதே இல்லை. சிம்பலை மட்டும் எடுத்துவிட்டு, மூலை கிளாம்பைத் தளர்த்தி இரண்டு பக்கத்தையும் உள்ளே மடக்கி, கம்பளி சுற்றிப் பிக்கப்பில் ஏற்றிவிடுவேன். மூடுபனியில் குரோம் துருப்பிடிக்கிறது, அதற்குத் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைப்பேன். மைக்கை மட்டும் ரேக்கில் மாட்டாதீர்கள். கிக் அடிக்கிற அதிர்வெல்லாம் அதில் ஏறி, சவுண்ட்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஊட்டியிலிருந்து:

லேசான ஸ்டாண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய பங்களா ஒன்றில் மரத்தரை, பூம் கையை (ஸ்டாண்டின் உச்சியில் பக்கவாட்டில் நீளும் கம்பி) நீட்டி 18 இஞ்ச் கிராஷ் மாட்டியிருந்தேன். கை நீண்ட பக்கம் கால் இல்லை, இரண்டு காலுக்கு நடுவே தொங்கியது. ஓங்கி ஓர் அடி, ஸ்டாண்டோடு விழுந்து சிம்பல் விளிம்பில் விரிசல். இப்போது அந்த விரிசல் ஒரு இஞ்சுக்கு வளர்ந்துவிட்டது. பூம் எந்தப் பக்கம் நீளுகிறதோ அதற்கு நேர் கீழே ஒரு கால் இருக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மறுபடி குன்னூர்:

அந்தக் கால் விஷயத்தை நானும் எழுத மறந்துவிட்டேன், நன்றி. கொடைக்கானல் தம்பி, சமதள மேடை கிடைத்தவர் நீங்கள், பொறாமையாக இருக்கிறது. ட்ரம் கீயை இப்போது சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை.