எங்கள் மாவட்டத்து வரியை மட்டும் படித்தேன்

கடலூர், தென்பெண்ணைக் கரையிலிருந்து:

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் காலைக் காப்பியும் வானிலை அறிக்கையும் சேர்ந்துதான் வரும். மாவட்ட வாரியான மழை எச்சரிக்கையில் கடலூர் என்ற வரியைத் தேடுவேன், எச்சரிக்கை நிறம் மஞ்சளா ஆரஞ்சா சிவப்பா என்று பார்ப்பேன், அதோடு சரி. 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் அரை மீட்டர் மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் மறுநாள் மாலை வடியத் தொடங்கியது. தப்பித்தோம் என்று பரணில் ஏற்றியிருந்த அரிசி மூட்டையைக் கீழே இறக்கினேன்.

அதே நேரத்தில் புயலின் மிச்சம் உள்மாவட்டங்களுக்குப் போய், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டிக்கொண்டிருந்தது. ஊத்தங்கரை எங்கே, நாம் எங்கே என்றிருந்தேன். அங்கே பெய்வது பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணைக்குத்தான் வரும். டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறக்கப்பட்டது. எங்கள் ஊரில் மழை ஓய்ந்திருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில், சத்தமே இல்லாமல், கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் வந்தது. மூட்டை நனைந்ததை விட, அதை நானே இறக்கிவைத்தேன் என்பதுதான் வலித்தது.

இப்போது திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி வரிகளையும் படிக்கிறேன். அணை நீர்மட்டத்தையும் பார்க்கிறேன். உங்களுக்கு எப்படி?

வேதாரண்யத்திலிருந்து:

உங்களுக்கு மழை ஓய்ந்தது, எங்களுக்குக் காற்று ஓய்ந்தது. 2018 நவம்பர் 16, கஜா புயல். நள்ளிரவு தாண்டி வடக்கிலிருந்து அடித்த காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. பிறகு திடீரென்று ஓர் அமைதி. மாடு என்னவாயிற்று என்று பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர் டார்ச்சோடு கிளம்பினார். என் தாத்தா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "போனது பாதிதான், மிச்சம் தெற்கிலிருந்து வரும்" என்றார். வந்தது. முதல் காற்றில் வேர் ஆட்டம் கண்டு நின்ற தென்னைகள் எல்லாம் எதிர்க்காற்றில் சாய்ந்தன. புயலின் கண் என்று அறிக்கையில் படித்திருக்கிறேன். அது நம் வீட்டுக்கு மேலேயே வந்து நிற்கும் என்று யார் நினைப்பார்கள்? மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் பேட்டரி வானொலிதான் துணை.

திருவைகுண்டம் பக்கத்திலிருந்து:

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. "அதிகனமழை" என்று சொல்லித்தான் இருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு 21 செ.மீ. தொடக்கம், மேலே எல்லை கிடையாது. நாங்கள் 25 வரும், குளம் நிரம்பும் என்று கணக்குப் போட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது! 21க்கும் அதே சிவப்புதான், 95க்கும் அதே சிவப்புதான். குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் எங்கள் நிலையத்திலேயே நின்றுவிட்டது, நூற்றுக்கணக்கான பயணிகளோடு. குளத்துக் கரைகள் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதை எந்த நிறமும் சொல்லாது. எங்கள் குளத்து மடையை ஆண்டுதோறும் புரட்டாசியிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.

சென்னையிலிருந்து:

பெரிய அனுபவம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் அறிக்கையைக் கேட்பதே பள்ளி விடுமுறைக்குத்தான். விடுமுறை விட்டால் வெயில் காயும், அது வேறு கதை. ஒன்றே ஒன்று: இன்றைய தேதியில் போடும் மழை அளவு, நேற்றுக் காலை 8.30 முதல் இன்றுக் காலை 8.30 வரை பெய்தது. அதை இன்று பெய்யப்போவது என்று நினைத்து ஒருமுறை வண்டியை மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, காய்ந்த சாலையில் நடந்து வீடு திரும்பினேன்.

கடலூர், தென்பெண்ணைக் கரையிலிருந்து:

8.30 கணக்கு எனக்கும் புதுச் செய்திதான். வேதாரண்யம் தாத்தாவுக்கு என் வணக்கம். மூட்டை இப்போது பரணில் இருக்கிறது. இறக்கித் தரச் சொல்லி வீட்டில் தினமும் கேட்கிறார்கள்; பொங்கல் கழியட்டும் என்றிருக்கிறேன்.