லைட்டைத் தொட்டுக் கறண்ட் அடித்தவர்கள் எழுதுங்கள்

கல்லடி:
மேசை லாம்புதான், இரும்புக் கழுத்தை வளைக்கிற மாதிரி. மகள் ஓ.எல். படிக்கிறாள் என்று வாங்கிக் கொடுத்தது. மார்கழி மழை, நிலமெல்லாம் ஈரம் ஊறி நின்றது. வெறுங்காலோடு இருந்து லாம்பைத் தன் பக்கம் இழுத்தவள் "அப்பா, இது கையைக் கடிக்குது" என்றாள். புறங்கையால் தொட்டேன், விர்ரென்று முழங்கை வரைக்கும் ஏறியது. பிள்ளை அழவில்லை, கொப்பியை மூடிவிட்டு லாம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கடையில் கொண்டுபோய்க் காட்டினால் "சின்ன ஷொக் தானே ஐயா, செருப்புப் போட்டுப் படிக்கச் சொல்லுங்க" என்கிறார்கள். ரெண்டு பின் பிளக், கசிகிற கறண்டை நிலத்துக்குக் கொண்டுபோகிற எர்த் வயரே இல்லை, கழுத்து வளைகிற இடத்தில் வயர் உரசித் தோல் போயிருந்தது. இதைப் பிள்ளைகளுக்கு விற்கலாமா?

காத்தான்குடி:
எங்கள் வீட்டில் சுவிட்சை நிறுத்திய பிறகும் அடித்தது. குசினி பல்ப் மாற்ற உம்மா ஸ்டூலில் ஏறினா, "ஓஃப் தானே மகன்" என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தா. பழைய பித்தளை ஹோல்டர். பல்ப் விழுந்து உடைந்த சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தால் உம்மா ஸ்டூலோடு சாய்கிறா, இடுப்பில் பிடித்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். டெஸ்டரை வைத்தால் சுவிட்ச் ஓஃபில் இருக்கும்போதே ஹோல்டரில் எரிகிறது. வயரிங் செய்தவர் சுவிட்சுக்குக் கறண்ட் வருகிற லைவ் வயரைக் கொடுக்காமல், அது திரும்பிப் போகிற நியூட்ரல் வயரைக் கொடுத்திருக்கிறார். லைட் ஒழுங்காக எரியும், அணையும், அதனால் ஒருத்தருக்கும் சந்தேகமே வராது, ஆனால் ஹோல்டரில் எந்த நேரமும் 230 வோல்ட்.

அக்கரைப்பற்று:
கறண்ட் கசிந்தால் தானாக விழுந்து நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் பற்றி ரெண்டு பேரும் ஒரு சொல் எழுதவில்லையே? எனக்கும் கிணற்றடி லைட் சுவிட்சில் ஈரக்கையோடு அடித்தது, படக்கென்று வீடே இருண்டது, அதோடு சரி. வீட்டில் இருக்கிற சின்ன பிரேக்கர்கள் ஆளைக் காப்பாற்றும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அவை வயர் சூடாகி எரியாமல் காக்கத்தான். ஆளைக் காப்பது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். அதில் டெஸ்ட் பட்டன் இருக்கிறது, மாதம் ஒருக்கா அமத்துங்கள், விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். அப்புறம், 13 அம்பியர் பிளக் பொயின்டின் மேல் ஓட்டைக்குள் பேனையைக் குத்தி ரெண்டு பின்னை ஏற்றுகிற பழக்கத்தை விடுங்கள், அப்படிக் குத்தினால் கீழ் ஓட்டைகளின் மூடி திறந்துவிடும், அந்த மூடி இருப்பதே பிள்ளைகள் லைவ் ஓட்டைக்குள் எதையும் விடாமல் இருக்கத்தான். பல்ப் மாற்றுவதென்றால் மெயினையே நிறுத்துங்கள், சுவிட்சை நம்ப வேண்டாம்.

திருக்கோவில்:
அக்கரைப்பற்று அண்ணன் சொல்வது அரைவாசிதான் சரி. ஒரு மில்லி அம்பியரிலேயே உடம்புக்குத் தெரியும், பத்தைத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாமல் போகலாம், இதற்கெல்லாம் 30 சுவிட்ச் விழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ட்ரிப் சுவிட்ச் இருந்த வீட்டில்தான் எங்களுக்கு நடந்தது. விறாந்தை லைட்டுக்குப் போன வயர் உப்புக்காற்றிலும் வெயிலிலும் வெடித்து இரும்புப் பைப்பில் முட்டியிருக்கிறது, அதே பைப்பில்தான் உடுப்புக் காயப்போடுகிற கம்பிக் கொடி. மனைவி ஈரச் சாரத்தைப் போட்டதும் கொடியைப் பிடித்தபடியே நின்றா, கூப்பிட்டும் திரும்பவில்லை. ஓடிப்போய் மெயினை நிறுத்தினேன், ஆளைத் தொடவில்லை, தொட்டிருந்தால் ரெண்டு பேரும்தான். பிறகு பார்த்தால் ட்ரிப் சுவிட்ச் பட்டனை அமத்தினாலும் அசையவில்லை. புதுசு போட்டாச்சு, கொடிக்கு நைலோன் கயிறு கட்டியாச்சு. எங்கள் பக்கம் கடற்கரை மணல், கோடையில் காய்ந்து கிடக்கும்போது எர்த் கம்பி போட்டும் பிரயோசனம் குறைவு, பட்டனை அமத்திப் பார்த்தாலும் எர்த் சரியா என்று அது சொல்லாது. அதை மீட்டர் வைத்து அளந்து பார்க்கிற ஆள் தம்பிலுவில், அக்கரைப்பற்றுப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.