கத்திரி வெயிலும் பரு முகமும்

தோல் ஓ.பி. நர்ஸ்

மே மாதத்தில் ‘பரு’ என்று சீட்டு எழுதி வருகிற பலருக்கு அது பருவே இல்லை. களிம்பு வாங்குவதற்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் நெற்றியைச் சாய்த்துப் பாருங்கள். கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த முளை, சீழ் வைத்த முளை என்று பல அளவில் கலந்து கிடந்தால் பரு. கடுகு தெளித்த மாதிரி எல்லாம் ஒரே அளவாக, நெற்றி, மார்பு, முதுகில் எழும்பி, வேர்த்தால் அரிக்கிறது என்றால் அது பெரும்பாலும் மலசேசியா என்ற பூஞ்சை முடிக்காலில் பெருகியது. இதற்குப் பரு மாத்திரை (ஆன்டிபயாட்டிக்) சாப்பிட்டால் குறையாது, கூடும். ஏனென்றால் பூஞ்சைக்குப் போட்டியாக இருந்த பாக்டீரியாவை அந்த மாத்திரை கொன்றுவிடுகிறது. டாக்டர் பார்த்து உறுதி செய்தால் கீட்டோகோனசோல் 2% ஷாம்பூவை நுரைத்து, கண்ணில் படாமல் பூசி, 5 நிமிடம் வைத்துக் கழுவச் சொல்வார்.

கழுத்து மடிப்பிலும் ரவிக்கை ஓரத்திலும் சுருக் சுருக்கென்று குத்துவது வேர்க்குரு. காற்றும் பருத்தித் துணியும் போதும். பரு ஜெல்லை அதன் மேல் பூசினால் எரிச்சல்தான் மிச்சம்.

மருந்துக்கடை மேசை

நர்ஸ் அக்கா சொன்னதை ஒட்டி ஒன்று. ‘போன தடவை வாங்கின அதே ட்யூப்’ என்று காலி ட்யூபை நீட்டுவார்கள். திருப்பிப் பார்த்தால் பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் இதில் ஏதாவது ஒன்று இருக்கும். எல்லாம் ஸ்டீராய்டு. பூசிய இரண்டு மூன்று நாளில் சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்று ஆவதால்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், கன்னத்தில் ரத்தக் குழாய் தெரியும், அச்சடித்த மாதிரி ஒரே வகைப் பருக்கள் கூட்டமாக வரும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும், வெயில் பட்டால் கேட்கவே வேண்டாம். இவை ஷெட்யூல் எச் (டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்கிற மருந்துப் பட்டியல்) வகை, சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது. மாதக்கணக்கில் பூசியவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் போவது நல்லது.

உண்மையில் பருவுக்கு வேலை செய்கிற, விலை குறைந்த இரண்டு ஜெல்கள் உண்டு.

முதலாவது அடாபலீன் 0.1%. ராத்திரிக்கு மட்டும். முகம் கழுவித் துண்டால் ஒற்றி எடுத்து, 20 நிமிடம் காய விடுங்கள். ஈரத் தோலில் போட்டால் காந்தும். முழு முகத்துக்கும் ஒரு பச்சைப் பட்டாணி அளவு போதும். நெற்றியில் ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, தாடையில் ஒன்று என்று புள்ளி வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். மூக்கு மடிப்பு, வாயோரம், கண்ணோரம் விட்டுவிடுங்கள். பருவின் தலையில் மட்டும் தொட்டு வைப்பது வீண், இது இனி வரப்போகிற பருவைத் தடுக்கிற மருந்து. முதல் 2 வாரம் ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி. கோடையில் இந்த இடைவெளியைக் குறைக்க அவசரப்படாதீர்கள். சில வாரத்துக்குப் பரு கூடின மாதிரி இருக்கும், அப்போதுதான் பலர் தூக்கிப் போடுகிறார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களும் இதைத் தொட வேண்டாம். அவர்களுக்கு அசலாயிக் அமிலம் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

இரண்டாவது பென்சாயில் பெராக்ஸைடு. 2.5% கேளுங்கள். ‘10 இருக்கா?’ என்று கேட்பவர்கள்தான் அதிகம். 2.5 செய்கிற வேலையைத்தான் 10-உம் செய்கிறது, கூடுதலாகத் தோலை உரித்துவிடுகிறது. கலர் துண்டு, தலையணை உறை, சட்டைக் காலர் எதில் பட்டாலும் வெளுத்துத் திட்டாகிவிடும், துவைத்தாலும் போகாது. வெள்ளை உறை போட்டுப் படுங்கள். கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் கிருமி பழகிவிடும், கூடவே பெராக்ஸைடும் இருக்க வேண்டும்.

ட்யூபை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்கிற ஆட்களும் உண்டு. உச்சி வெயிலில் அங்கே இட்லியே வெந்துவிடும்.

பார்லர் அக்கா

எங்க பக்கம் வர்ற தப்பெல்லாம் சமையலறையில இருந்துதான் வருது. எலுமிச்சம்பழத்தை முகத்துல தேய்ச்சுட்டு மாடியில துணி காயப்போடப் போறது முதல் தப்பு. அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தா தோல் வெந்து கருந்திட்டு விழும், மாசக்கணக்குல இருக்கும். முல்தானி மட்டியை காய்ஞ்ச களிமண் மாதிரி வெடிக்கிற வரைக்கும் காய விடாதீங்க. ஓரம் காய ஆரம்பிச்சதும், நடுவுல இன்னும் ஈரம் இருக்கும்போதே கழுவிடணும். வாரம் ஒரு தடவை போதும், அடாபலீன் போடுறவங்களுக்கு அதுவும் வேண்டாம். நலங்கு மாவு உடம்புக்கு நல்லது. பரு முகத்துல மட்டும் அந்தக் குருணை கீறிவிடும்.

முகம் எத்தனை தடவை கழுவணும்னு கேட்டா, காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, நல்லா வேர்த்து வந்தா மூணாவதா வெறும் தண்ணி. எண்ணெய் வழியுதுன்னு ஆறு தடவை சோப்பு போடுறவங்க முகம் மேலே எரிஞ்சு, ஓரத்துல தவிடு மாதிரி உரிஞ்சு நிக்கும். உப்புத் தண்ணி வர்ற வீட்டுல சாதாரண சோப்பு பிசுபிசுன்னு படிஞ்சுடும். சிண்டெட் பார் (சோப்பு சேராத கழுவும் கட்டி) இல்லேன்னா சாலிசிலிக் 2% ஃபேஸ்வாஷ் நல்லது. அதையும் நுரைச்ச உடனே அலசாம ஒரு நிமிஷம் வைங்க.

நெற்றியில, அதுவும் முடி ஆரம்பிக்கிற கோட்டுல மட்டும் பரு வரிசையா இருந்தா தலை எண்ணெயைப் பாருங்க. வேர்வையோட அது இறங்கி வருது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடச் சொல்லல. தலையைப் பின்னால சாய்ச்சு அலசுங்க, முகத்தைக் கடைசியா கழுவுங்க, அன்னிக்கே சீயக்காய் போட்டு எண்ணெயை எடுத்துடுங்க. மல்லிப்பூ வைக்கிறதுக்காகப் படியப் படிய எண்ணெய் தடவிட்டு வெயில்ல போறதுதான் வினை.

த்ரெட்டிங், வேக்ஸிங்குக்கு ஒரு வாரம் முன்னாடியே அடாபலீன் ஜெல்லை நிறுத்துங்க. சொல்லாம வந்து உக்காந்தா மேல்தோல் நூலோட வந்துடும்.

டெலிவரி பையன்கள் சூப்பர்வைசர்

தாடையில பட்டை ஓடுகிற இடத்தில் மட்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பரு இருந்தால் அது ஹெல்மெட் உரசல். உள் பஞ்சு கழற்றக்கூடிய மாடல் என்றால் வாரம் ஒரு தடவை கழற்றித் துவைத்து நிழலில் காய வைக்கச் சொல்கிறோம். கழறாததற்கு மெல்லிய பருத்தித் துணி உள்ளே, தினமும் மாற்ற வேண்டும். கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்தாலே பாதி தொல்லை குறையும்.

தோல் ஓ.பி. நர்ஸ்

சூப்பர்வைசர் தம்பி சொன்னது சரி, டெலிவரி பையன்களுக்கு சன்ஸ்கிரீனும் வேண்டும். பரு முகத்துக்குப் பிசுக்கு என்று தவிர்க்கிறார்கள், பரு ஆறின இடம் வெயிலில் கறுத்துப் போகிறது. ஜெல் வகையில் எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் எடுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒரு கோடு பிதுக்கினால் அதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் அளவு. வெளியில் நிற்பவர்கள் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை வேர்வையை ஒற்றிவிட்டுத் திரும்பப் பூச வேண்டும்.

மாம்பழத்தின் மேல் பழி போடுவது இந்த வருஷமும் ஆரம்பித்தாயிற்று. அதைவிட, சர்க்கரை அள்ளிப் போட்ட ரோஸ்மில்க்கும் பாட்டில் ஜூஸும்தான் யோசிக்க வேண்டியவை.

பருவுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு விஷயம். வெயில் பட்டால் சாதாரணத்தைவிடச் சீக்கிரம் தோல் சிவந்து எரியும், குடையோ தொப்பியோ கட்டாயம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாகிவிடும்.