72 மணி நேர ஸ்ட்ரெஸ் டெஸ்டில் வராத "பேட் பேஜ் ஸ்டேட்" நிஜ மெஷினில் வருகிறது

பக்கம்4கே:
வணக்கம். லினக்ஸ் கர்னலில் ஒரு மாற்றம் செய்து வருகிறேன். ரொம்ப நேரம் யாரும் தொடாத மெமரி பக்கங்களைக் (கர்னல் மெமரியைப் பிரித்து நிர்வகிக்கும் துண்டுகள்) கண்டுபிடிக்க ஒரு கர்னல் த்ரெட். பிசிகல் மெமரியை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு ஃபோலியோவுக்கும் (ஒரு பக்கம், அல்லது ஒன்றாகக் கையாளப்படும் பல பக்கங்கள்) ஒரு ரெஃபரன்ஸ் எடுக்கும் (பயன்பாட்டில் இருக்கிறது, விடுவிக்காதே என்ற கணக்கு), பூட்டும், ஆக்சஸ்டு பிட்டைப் (பக்கம் தொடப்பட்டதா என்ற குறி) பார்க்கும், பூட்டையும் ரெஃபரன்ஸையும் விட்டுவிடும். அவ்வளவுதான்.

கியூஇஎம்யூ மெய்நிகர் மெஷினில் 8 ஜிபி கொடுத்து, மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கர்னல் வசதிகளான டீபக் விஎம், கேசான் இரண்டையும் போட்டு, ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற அழுத்தச் சோதனைக் கருவியின் விஎம் சோதனையை விஎம்-கீப் விருப்பத்தோடு (எடுத்த மெமரியை விடாமல் அதிலேயே திரும்பத் திரும்ப எழுதும்) 72 மணி நேரம் ஓட்டினேன். கர்னல் லாக் சுத்தம். அதே கர்னலை நிஜ மெஷினில் போட்டுக் கம்பைல் வேலை கொடுத்தால், இரண்டாம் நாள் என் த்ரெட்டின் பெயரில் "பேட் பேஜ் ஸ்டேட்" (பக்கத்தின் நிலை சரியில்லை என்ற கர்னல் எச்சரிக்கை) வருகிறது. மூன்று தடவை வந்துவிட்டது. சோதனையில் வரவழைக்கவே முடியவில்லை. எங்கே பார்ப்பது?

கண்ணி:
மெமரி அழுத்தம் போதவில்லையோ? சோதனை முடிந்ததும் விஎம்ஸ்டாட்டில் (கர்னலின் மெமரிக் கணக்கு) பிஸ்வாப்அவுட் எண்ணைப் (ஸ்வாப்புக்கு வெளியேற்றிய பக்கங்கள்) பாருங்கள். பூஜ்யம் என்றால் ஸ்வாப்புக்கு எதுவுமே போகவில்லை என்று அர்த்தம். 8 ஜிபியை 1 ஜிபி ஆக்கி, இசட்ரேம் ஸ்வாப் (ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்) வையுங்கள்.

பக்கம்4கே:
அதையும் செய்தேன். பிஸ்வாப்அவுட் கோடியைத் தாண்டிவிட்டது, பிழை மட்டும் வரவில்லை. லாக்கில் இருப்பது: ரெஃப்கவுண்ட் (ரெஃபரன்ஸ் எண்ணிக்கை) 0, மேப்கவுண்ட் (மேப்பிங் எண்ணிக்கை) 0, கொடிகளில் லாக்ட் (பூட்டியிருக்கிறது) இருக்கிறது. கால் ட்ரேஸில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) என் ஃபங்ஷனுக்கு மேலே ஃபோலியோ_புட் (ரெஃபரன்ஸை விடும் ஃபங்ஷன்; அதுவே கடைசி என்றால் பக்கமும் விடுவிக்கப்படும்).

ரீக்ளெய்ம்:
விடை அந்த லாக்கிலேயே இருக்கிறது. பூட்டிய பக்கம் ஒன்று விடுவிக்கப்படுகிறது, விடுவிப்பதும் உங்கள் த்ரெட்தான். முதலில் புட், அப்புறம் அன்லாக் என்று எழுதியிருக்கிறீர்களா? வழக்கமாக அந்தப் பக்கத்தை மேப் செய்த ப்ராசஸிடம் ஒரு ரெஃபரன்ஸ் இருக்கும், அதனால் தப்பித்துவிடும். நீங்கள் பூட்டிவைத்திருக்கும் நேரத்தில் அந்த ப்ராசஸ் செத்துப்போனால் உங்களுடையதுதான் கடைசி ரெஃபரன்ஸ். எந்தப் பக்கத்தை முதலில் வெளியேற்றலாம் என்று கர்னல் பார்க்கும் எல்ஆர்யூ பட்டியல் தனக்கென்று ரெஃபரன்ஸ் எதுவும் வைத்துக்கொள்வதில்லை.

72 மணி நேரமும் இது சிக்காததற்குக் காரணம் விஎம்-கீப். ஒரே ப்ராசஸ்கள், ஒரே மேப்பிங், கடைசிவரை. அழுத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. ஸ்வாப் கேஷில் (ஸ்வாப்புக்குப் போகும், வரும் பக்கங்கள் ரேமில் இருக்கும் இடம்) இருக்கும் பக்கத்துக்கு அந்த கேஷே ஒரு ரெஃபரன்ஸ் வைத்திருப்பதால் பிழை இன்னும் மறைந்துதான் போகும். உங்களுக்கு வேண்டியது ப்ராசஸ்களின் பிறப்பும் சாவும். கம்பைல் வேலையில் ஆயிரக்கணக்கான ப்ராசஸ்கள் வந்து வந்து போகின்றன இல்லையா, அதனால்தான் அங்கே சிக்கியது. கேசானும் இதைச் சொல்லாது. பக்கத்தின் உள்ளடக்கத்தை விடுவித்த பிறகு தொட்டால்தான் அது கத்தும். நீங்கள் தொடுவது ஸ்ட்ரக்ட் பேஜை (ரெஃப்கவுண்ட், கொடிகள் இருக்கும் கர்னல் பதிவு); பக்கத்தை விடுவிக்கும்போது அது விடுவிக்கப்படுவதில்லை.

பூட்டுவதற்கும் புட்டுக்கும் நடுவே தற்காலிகமாக 2 மில்லிசெகண்ட் எம்ஸ்லீப் (த்ரெட்டைத் தூங்கவைக்கும் ஃபங்ஷன்) வையுங்கள் (ஃபோலியோ பூட்டோடு தூங்கலாம், பிரச்சினை இல்லை). விஎம் சோதனைக்குப் பதில், ப்ராசஸ்களை உருவாக்கி மெமரி எடுக்கவைக்கும் எம்மேப்ஃபோர்க் சோதனையை ஓட்டுங்கள்.

பக்கம்4கே:
11 நிமிடத்தில் வந்துவிட்டது! நீங்கள் சொன்னபடியே புட் முதலில் இருந்தது. வரிசையை மாற்றிய பிறகு, அதே எம்ஸ்லீப்போடு 14 மணி நேரமாக எதுவும் இல்லை. நான்கு நாளாகத் தூக்கம் இல்லாமல் அலைந்தேன், மிக்க நன்றி.

ரீக்ளெய்ம்:
நல்லது. இன்னொன்று. மெமரியை வரிசையாக நடப்பதால், ரெஃபரன்ஸ் எடுக்கும் நேரத்துக்குள் அந்தப் பக்கம் விடுவிக்கப்பட்டு வேறொரு பெரிய ஃபோலியோவின் வால் பக்கமாகியிருக்கலாம் (முதல் பக்கம் தவிர்த்த மற்றவை). எடுத்த பிறகு, அது இன்னும் அதே ஃபோலியோவைச் சேர்ந்ததுதானா, எல்ஆர்யூ கொடி இருக்கிறதா என்று மறுபடி பார்க்கிறீர்களா?

பக்கம்4கே:
இல்லை, முன்னால் மட்டும்தான் பார்க்கிறேன். சேர்த்துவிட்டு, டிஹெச்பியை (கர்னல் தானாகப் பெரிய பக்கங்கள் தரும் வசதி) ஆல்வேஸ் என்று வைத்து எம்மேப்ஃபோர்க்கை இன்றிரவு மறுபடி ஓட்டுகிறேன். காலையில் லாக்கைப் போடுகிறேன்.